கல் வெட்டிய குழி மீண்டும் நிலமாவதற்கு: செட்டிநாட்டுக்கான முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருபவர்கள் தேக்குத் தூணையும் ஆத்தங்குடித் தரையையும் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தச் சுவர்களுக்கும் ஊருணிப் படிகளுக்கும் செம்பூரான்கல் (லேட்டரைட் என்னும் செந்நிறக் கல்) வெட்டியெடுத்த குழிகள் ஊருக்கு வெளியே கிடப்பதை யாரும் பார்ப்பதில்லை. பழைய குழிகள் கடப்பாரையால் வெட்டப்பட்டவை, ஆழம் குறைந்தவை, காரை, சூரை முட்புதர்கள் ஏறி அவை தாமாகவே ஆறிவிட்டன. பின்னாளில் இயந்திரம் இறங்கித் தோண்டிய செம்பூரான் குவாரிகளும், சாலை போடவும் மனை மேடாக்கவும் கிராவல் அள்ளிய பள்ளங்களும், ஜல்லிக்காக உடைத்த கருங்கல் குழிகளும் அப்படி ஆறவில்லை. மேல்மண் முழுவதும் போய்விட்ட தரையில் இருபது ஆண்டுகளாகியும் புல்கூட ஒழுங்காகப் பிடிக்காத இடங்களை இந்த வட்டாரத்தில் எங்கும் காணலாம். கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் இத்தகைய குழியில் விழுந்து நின்றுவிட்டால், மழை பெய்தும் கண்மாய் நிறையாது.

அத்தகைய நிலத்தை, ஓர் ஏக்கரானாலும் பத்து ஏக்கரானாலும், மீட்க நினைக்கும் நிலத்துக்காரர்களுக்கும் ஊராட்சிகளுக்கும் இளைஞர் குழுக்களுக்குமாக இதை எழுதுகிறேன். தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இந்த வேலையில் மரம் நடுவது ஏழாவது படி. அதை முதற்படியாக்கியதால்தான் பெரும்பாலான முயற்சிகள் வீணாகின்றன. நானும் அப்படித்தான் தொடங்கினேன். எங்கள் ஊர்ப் பக்கத்துச் செம்பூரான் குழியில் ஒரு கார்த்திகை மாதம், நல்ல மழையை நம்பி, வேம்பும் புங்கனுமாக நட்டோம். மார்கழியில் தேங்கிய நீரில் பாதி அழுகியது. மீதி பங்குனி வெயிலில் காய்ந்தது. கன்றுகளைப் பிடுங்கிப் பார்த்தபோது, வேர்கள் நாங்கள் தோண்டிய குழியைத் தாண்டி ஒரு விரற்கடைகூடப் போகாமல் தொட்டியில் வளர்ந்தவை போலச் சுருண்டிருந்தன. கன்றுகளிடம் ஒரு குறையும் இல்லை.

முதற்படி: நிலம் யாருடையது, அதற்கு என்ன நடந்தது

பட்டா நிலமா, மேய்ச்சல் புறம்போக்கா, கோயில் நிலமா, கண்மாய் நீர்பிடிப்பா என்பதைப் புல எண்ணுடன் கிராம நிர்வாக அலுவலரிடம் உறுதிசெய்துகொள்ள வேண்டும். குத்தகை முடிந்துவிட்டதா, இன்னும் நடப்பில் உள்ளதா என்பதை மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத்துறை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. நீங்கள் மூன்று ஆண்டுகள் உழைத்த தரையில் மறுபடி இயந்திரம் இறங்கினால் அதைத் தடுக்க அந்தக் காகிதம்தான் உதவும். குத்தகை நடப்பில் இருந்தால் மீட்பின் பொறுப்பு முதலில் குத்தகைதாரருடையது. சுரங்கம் முடிந்த நிலத்தில் மீண்டும் புல் வளர்த்துத் தர வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாக்கும்படி உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் உத்தரவிட்டுள்ளது. 2015 சட்டத் திருத்தத்தின்படி அமைக்கப்பட்ட மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியைச் சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்காகச் செலவிடலாம் என்பதையும் கிராம சபையில் நினைவூட்டலாம்.

ஊரில் வயதானவர்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். தோண்டும் முன் இங்கே என்ன வளர்ந்தது, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் போனது, தோண்டிய பிறகு இங்கே என்னென்ன கொட்டப்பட்டது. மூன்றாவது கேள்விக்கான விடையைப் பொறுத்து உங்கள் முழுத் திட்டமும் மாறக்கூடும்.

இரண்டாம் படி: தண்ணீரைப் பின்தொடர்தல்

நிலத்தை இரண்டு முறை நடந்து பார்க்க வேண்டும். கோடையில் ஒரு முறை, நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு முறை. மழைக்கு மறுநாள் நடையே முக்கியமானது. நீர் எங்கே இறங்குகிறது, எங்கே அரித்திருக்கிறது, எங்கே மூன்றாம் நாளும் தேங்கி நிற்கிறது, எந்த நிறத்தில் நிற்கிறது என்பதையெல்லாம் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். செங்காவி நிறத்தில் கலங்கல் நின்றால் அது மண் கரைசல், நாளடைவில் தெளியும். நீர் தெளிந்திருந்தும் அடியில் மஞ்சள் கலந்த காவிப் படிவு பாசிபோல ஒட்டியிருந்தால், இரும்பு கரைந்து வருகிறது என்று பொருள். அது அமிலக் கசிவின் அடையாளமாக இருக்கலாம். விளிம்பில் வெண்ணிறப் பொருக்கு காய்ந்திருந்தால் உப்பு.

மட்டம் பார்க்கக் கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவலே போதும். பத்து மீட்டருக்கு ஒரு முளை அடித்து, ஒரே உயரத்திலுள்ள முளைகளை இணைத்தால் சம உயரக் கோடு கிடைக்கும். பின்னால் வரும் வரப்பு, அகழி, உழவு எல்லாம் இந்தக் கோட்டின் மேல்தான் நடக்கும்.

குழியின் எதிர்காலத்தை இந்தக் கட்டத்திலேயே முடிவுசெய்ய வேண்டும். கருங்கல் குழி ஆழமாகவும் நீர் வற்றாமலும் இருந்தால் அதை நீர்நிலையாகவே விட்டுவிடுவது அறிவு. செம்பூரான் குழியின் தரை நுண்துளை நிறைந்தது. லாரி ஏறி இறுகிப்போகாத இடத்தில் நீரை நிறுத்தாமல் உறிஞ்சும். அங்கே ஊருணி வெட்ட ஆசைப்படுவதைவிட, ஓடிவரும் நீரை மெல்லப் பரப்பி நிலத்தடிக்கு அனுப்பிவிட்டு, மிகுந்ததை வரத்துக்காலில் சேர்ப்பதே பயன் தரும். ஒரே குழியில் குளமும் காடும் வேண்டும் என்று கேட்டால் இரண்டும் அரைகுறையாகவே அமையும்.

மூன்றாம் படி: மண்ணைச் சோதித்தல்

குழியின் தரை, சரிவு, கழிவு கொட்டிய மேடு என மூன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். கலந்துவிட்டால் முடிவு எதற்கும் பொருந்தாது. ஒவ்வொரு பகுதியிலும் பத்துப் பதினைந்து இடங்களில் ஆப்பு வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, பக்கச் சுவரிலிருந்து சீராகச் சுரண்டி எடுத்துக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை நீக்கிக்கொண்டே வந்து, அரைக் கிலோவாகக் குறைத்து நிழலில் உலர்த்தி அனுப்ப வேண்டும். வேளாண்மைத்துறை மண் பரிசோதனை நிலையத்திலும், குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்திலும் விசாரிக்கலாம். செட்டிநாட்டில் இருக்கும் மானாவாரி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தாரின் ஆலோசனை இந்த மண்ணுக்கென்றே பொருந்துவது.

பிஎச் எண் (அமில, காரத் தன்மையின் அளவு; 7-க்குக் கீழே அமிலம்), மின்கடத்துத்திறன் (உப்பின் அளவைக் காட்டுவது), கரிமச்சத்து, கிடைக்கும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஆகிய நான்கும் அவசியம். செம்பூரான் மண் பெரும்பாலும் அமிலத்தன்மை கொண்டது. அதிலுள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு செடிக்குத் தருவதில்லை. பிஎச் 5.5-க்குக் கீழே இறங்கினால் அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கருக்கத் தொடங்கும்.

சிவகங்கைப் பக்கத்துக் கிராஃபைட் சுரங்கங்களைப் போன்ற இடங்களின் கழிவு மண்ணாக இருந்தால் கந்தகத்தின் அளவையும் கேட்டு வாங்க வேண்டும். கிராஃபைட் உள்ள பாறையில் பைரைட் என்ற இரும்புச் சல்பைடும் கலந்திருக்க வாய்ப்புண்டு. பூமிக்குள் இருக்கும்வரை அது சாதுவானது. வெளியே வந்து காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலமாக மாறும். அந்த மாற்றத்தை விரைவுபடுத்தும் பாக்டீரியாக்களும் உண்டு. இன்று பிஎச் 6 காட்டும் கழிவு மண், உள்ளே பைரைட் இருந்தால் சில ஆண்டுகளில் 4-க்கு இறங்கிவிடலாம். உலோகம் உருக்கிய சிட்டமோ, பட்டறைக் கழிவோ, பழைய பேட்டரிக் கழிவோ கொட்டப்பட்ட இடமானால் ஈயம், காட்மியம், ஆர்சனிக், துத்தநாகம், தாமிரம், நிக்கல் ஆகியவற்றுக்குத் தனியான ஆய்வகச் சோதனை தேவை. சாதாரண மண் அட்டையில் இவை வராது.

காகிதச் சோதனையோடு பானைச் சோதனையும் செய்யுங்கள். குழி மண்ணை நான்கு தொட்டிகளிலும், அருகிலுள்ள நல்ல புஞ்சை மண்ணை நான்கு தொட்டிகளிலும் நிரப்பி, ஒவ்வொன்றிலும் பத்துத் தட்டைப்பயறு விதைத்து மூன்று வாரம் நீர் ஊற்றுங்கள். முளைத்த எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேர் குட்டையாகத் தடித்துப் பழுப்பேறியிருந்தால் அமிலமோ உலோகமோ வேலை செய்கிறது. வேர் நன்றாக ஓடி இலை மட்டும் வெளிறியிருந்தால் பட்டினி. பட்டினியை எருவால் தீர்க்கலாம். நஞ்சு எருவுக்கு அடங்காது.

நான்காம் படி: காவல்

குப்பை கொட்டுவதும், தீ வைப்பதும், இரவில் மண் அள்ளுவதும், கட்டற்ற மேய்ச்சலும் நிற்காத நிலத்தில் எதுவும் வளராது. முள்கம்பியைவிட, கிளுவைக் கிளைகளை வெட்டி நடும் போத்து வேலி மலிவானது. அது வேராகவும் பிடிக்கும். ஆயினும் வேலியைவிட உறுதியானது ஊர்க் கட்டுப்பாடு. திருப்பத்தூர் அருகே வேட்டங்குடிப்பட்டி பறவைகள் சரணாலயம் அறிவிக்கப்பட்டது 1977-இல். அங்கே கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் கண்மாயில் அடையும் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. அதைப்போல ஒரு சொல் உங்கள் ஊர்ப் பொதுவில் எடுக்கப்பட வேண்டும். ஆடு மேய்ப்பவர்களை விலக்கிவிட்டு எடுக்கும் முடிவு நிலைக்காது. அவர்களுக்கு மாற்று மேய்ச்சலையும் புல் அறுத்துக்கொள்ளும் உரிமையையும் முதலிலேயே பேசிவிட வேண்டும்.

ஐந்தாம் படி: நிலத்தை வடிவமைத்தல்

செலவு மிகுந்த படி இதுதான். செங்குத்தான மண் சுவரை, ஓரடி இறக்கத்துக்கு மூன்றடி நீளம் என்ற அளவிலாவது சரிவாக்க வேண்டும். இடமில்லாத பக்கத்தில் படிப்படியாகத் தளம் வெட்டி, ஒவ்வொரு தளத்தையும் வெளிப்புறமாக அல்லாமல் சுவர்ப்பக்கமாகச் சற்றே சாய்த்து விட்டால் நீர் விளிம்பை அரிக்காது. கருங்கல் குழியில் நீர் நிற்குமானால் ஒரு பக்கமாவது குழந்தையும் கன்றுக்குட்டியும் ஏறி வெளியே வரும்படி தாழ்வான இறக்கம் அமைக்காமல் விடக்கூடாது. கைவிடப்பட்ட குவாரி நீரில் குளிக்கப் போன பிள்ளைகள் இறந்த செய்தி இல்லாத கோடை நம் மாநிலத்தில் அரிது.

எல்லாச் சுவரையும் சரிக்க வேண்டியதில்லை. தெற்கோ மேற்கோ பார்த்த ஒரு செங்குத்து முகத்தை, மேலே வேலியிட்டு, அப்படியே விட்டுவையுங்கள். மண்சுவரில் பஞ்சுருட்டானும் மீன்கொத்தியும் வளை தோண்டும். பாறை இடுக்கில் கொம்பன் ஆந்தை குடியிருக்கும். மனிதர் கெடுத்ததில் பறவைகளுக்கு உதவியது அது ஒன்றுதான். அதையும் திருத்துகிறேன் என்று இடிப்பதில் பொருளில்லை.

அடுத்து, லாரிச் சக்கரம் இறுக்கிய தரையை உடைக்க வேண்டும். எங்கள் கன்றுகளின் வேர் சுருண்டதற்கு இந்த இறுக்கமே காரணம். உளிக்கலப்பையால், சம உயரக் கோட்டின் மேல், 45 முதல் 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கீற வேண்டும்; தரை உலர்ந்திருக்கும் சித்திரை, வைகாசியில் செய்தால்தான் அது நொறுங்கும். ஈரத்தில் செய்தால் கலப்பை போன தடம் மட்டும் பளபளவென்று இறுகிப்போகும். சரிவுகளில் 45 சென்டிமீட்டர் அகலமும் ஆழமும் கொண்ட தொடரில்லாத அகழிகளை, ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேராக அடுத்த வரிசையின் அகழி வரும்படி வெட்டுங்கள். தோண்டிய மண் அகழியின் கீழ்ப்பக்கத்தில் கரையாகட்டும்.

மேல்மண் எங்காவது ஓரத்தில் குவித்து வைக்கப்பட்டிருந்தால் அதுவே பெரிய செல்வம். கடைசியாக மேலே பரப்புங்கள். பெரும்பாலும் அது விற்கப்பட்டிருக்கும். அப்போது நமக்கு இருக்கும் வழி கண்மாய் வண்டல். அதில் களியும் சத்தும் உண்டு. செம்பூரான் சரளையோடு கலந்தால் ஈரம் நிற்கும். எடுப்பதற்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் முறையான அனுமதி பெற வேண்டும். அந்த வண்டலோடு சீமைக்கருவேல் விதையும் வரும் என்பதை மறக்க வேண்டாம். முதல் மழைக்குப் பின் இரண்டு இலைப் பருவத்திலேயே கையால் பிடுங்கினால் ஒரு நாள் வேலை. விட்டால் பத்தாண்டு வேலை.

ஆறாம் படி: மண்ணுக்கு உயிர் கொடுத்தல்

முதலாவது, அமிலத்தை ஆற்றும் சுண்ணாம்பு. இங்கே கனடாவின் சுரங்க நகரமான சட்பரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிக்கலும் தாமிரமும் கலந்த சல்பைடு கனிமத்தை அங்கே 1880-களிலிருந்து விறகு அடுக்கின் மேல் குவித்துத் திறந்த வெளியில் மாதக்கணக்கில் எரித்தார்கள். கந்தக டை ஆக்சைடு புகை இலைகளைக் கருக்கியது, மண் அமிலமாகியது, உலோகத் தூள் படிந்தது, மரம் போன சரிவிலிருந்து மண்ணும் கழுவிப்போய்ப் பாறை கருத்தது. ஏறத்தாழ 20,000 ஹெக்டேர் முழு மொட்டையாகவும், அதைச் சுற்றி 80,000 ஹெக்டேர் அரை மொட்டையாகவும் நின்றன. 1972-இல் 381 மீட்டர் உயரப் புகைபோக்கி கட்டியும், தொடர்ந்து உமிழ்வைப் பெருமளவு குறைத்தும் காற்றைச் சீராக்கிய பிறகுதான் நிலத்தில் கைவைக்க முடிந்தது. 1978-இல் தொடங்கிய பசுமையாக்கத்தில் மாணவர்களும் வேலையிழந்த தொழிலாளர்களும் தூளாக்கிய சுண்ணாம்புக்கல்லை மூட்டை மூட்டையாகச் சுமந்து ஹெக்டேருக்கு 10 டன் வீதம் கையால் தூவினார்கள். பிறகு உரமும், புல்லும் பயறினமும் கலந்த விதையும் இட்டார்கள். வியப்பு அதன் பின்னரே நிகழ்ந்தது. யாரும் நடாத பிர்ச், பாப்லர் மரங்கள் காற்றில் வந்த விதையிலிருந்து தாமாக எழுந்தன. விதைக்கு அங்கே என்றுமே பஞ்சமில்லை, முளைத்த வேரைத்தான் அமிலம் கொன்றுகொண்டிருந்தது. நடவும் கூடவே நடந்து, 2022-இல் அங்கே ஒரு கோடியாவது மரம் நடப்பட்டது.

அந்த அளவை நாம் அப்படியே எடுக்கக்கூடாது. ஹெக்டேருக்கு 10 டன் என்பது ஏக்கருக்குச் சுமார் 4 டன்; நம் செம்பூரான் மண்ணுக்கு அவ்வளவு தேவைப்படாமல் போகலாம். சோதனை முடிவில் சுண்ணாம்புத் தேவை என்று எவ்வளவு குறிக்கப்படுகிறதோ அவ்வளவே இட வேண்டும். இட வேண்டியது தூளாக்கிய சுண்ணாம்புக்கல் அல்லது டோலமைட் (மக்னீசியமும் கலந்த சுண்ணாம்புக்கல் வகை). வீட்டுச் சுவருக்கு முட்டையும் கடுக்காயும் சேர்த்து அரைத்த சுட்ட சுண்ணாம்பைப் பற்றி நமக்குப் பரம்பரைப் பெருமை உண்டு என்றாலும், அதை இங்கே கொட்டினால் மண்ணிலுள்ள சிற்றுயிர்களையும் சேர்த்துச் சுட்டுவிடும். பிஎச் 6 அல்லது 6.5 வரை வந்தால் போதும். பைரைட் கலந்த கழிவில் ஒருமுறை இட்ட சுண்ணாம்பு தீர்ந்துபோகும். ஆண்டுதோறும் பிஎச் பார்த்து மறுபடி இட வேண்டியிருக்கும்.

அடுத்தது கரிமச்சத்து. ஏக்கருக்கு 5 டன் தொழு எரு என்பது புஞ்சைக்குச் சொல்லும் கணக்கு. உயிரற்ற தரைக்கு அதைப்போல இருமடங்கு வேண்டும். அத்தனை எருவுக்கு எங்கே போவது என்பவர்களுக்கு நம் பக்கத்தில் ஒரு நல்ல விடை இருக்கிறது. கீதாரிகளை (ஊர் ஊராக மந்தை மேய்ப்பவர்களை) அழைத்துக் கிடை போடலாம், அதாவது இரவில் மந்தையை நிலத்திலேயே அடைத்து வைக்கலாம். சில இரவுகளில் ஆட்டுப் புழுக்கையும் சிறுநீரும் குளம்பு மிதியில் மண்ணோடு கலந்துவிடும். ஆனால் சீமைக்கருவேல் காய் உதிரும் கோடையில் கிடை போட்டால் ஒவ்வொரு புழுக்கையும் ஒரு விதைப் பொட்டலம்தான். தையிலோ மாசியிலோ முடித்துவிட்டு, அதன் பின்னர் சித்திரையில் கீறி உழுவது நல்லது.

மூன்றாவது, தரையை மூடி மண்ணைக் காக்கும் மூடுபயிர். ஆவணி, புரட்டாசியின் மாலை மழைகளைப் பிடித்துப் பலதானியம் விதைக்க வேண்டும்: கம்பு, குதிரைவாலி, கொள்ளு, நரிப்பயறு, தட்டைப்பயறு, எள், ஆமணக்கு, சணப்பை, கொழுஞ்சி, அவுரி என்று ஏக்கருக்கு 20 முதல் 25 கிலோ கலவை. கொழுஞ்சிக்கும் அவுரிக்கும் விதைத்தோல் கடினம்; மணலோடு தேய்த்தோ வெந்நீரில் ஊறவைத்தோ விதையுங்கள். பூக்கும் பருவத்தில் சமதளத்தில் மடக்கி உழலாம். சரிவில் உழாமல் அறுத்து அங்கேயே பரப்பிவிட வேண்டும். சரிவின் விளிம்புகளில் வெட்டிவேரும், இடையே கொழுக்கட்டைப்புல்லும் நட்டால் மண் நகராது. இதையே இரண்டு பருவம் செய்யுங்கள். ஓர் ஆண்டு பொறுக்க முடியாமல் மரத்துக்குப் போனவர்களில் நானும் ஒருவன் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உலோக நஞ்சு உறுதியான இடத்துக்கு வேறு கணக்கு. பிஎச் உயர்ந்தால் ஈயம், காட்மியம், துத்தநாகம், தாமிரம், நிக்கல் ஆகியவை மண்ணோடு பிணைந்து, வேருக்குள் நுழைவது குறையும். ஆர்சனிக் இதற்கு நேரெதிராக நடந்துகொள்ளும். சுண்ணாம்பும் பாஸ்பேட் உரமும் அதை இளக்கிவிடக்கூடும். எனவே எந்த உலோகம் என்று தெரியாமல் மருந்திடக்கூடாது. செடிகளைக் கொண்டு நஞ்சை உறிஞ்சி எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை இப்போது பரவலாக இருக்கிறது. அப்படிப்பட்ட செடிகள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் ஒரு பருவத்துக்கு ஒரு செடி எடுக்கும் அளவு மண்ணில் இருப்பதோடு ஒப்பிட்டால் சொற்பம். அறுத்த செடி நஞ்சாகக் கையில் நிற்கும். அதை எரித்தால் காற்றில் போகும், போட்டால் ஆடு தின்னும். நஞ்சை எடுக்க முயல்வதைவிட, அது பறக்காமலும் கரைந்து ஓடாமலும் இருந்த இடத்திலேயே கட்டிவைப்பதே நம் சக்திக்கு உட்பட்டது. 2001 பிப்ரவரியில் மூடப்பட்ட கோலார் தங்கவயலில், தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் வரிசை வீடுகளை அடுத்து நிற்கும் சயனைடு மேடுகளிலிருந்து காற்றடிக்கும் நாளில் பறக்கும் தூளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அத்தகைய மேட்டின் மேல் முதலில் அரையடிச் சரளை, அதன் மேல் ஒன்றரை அடியாவது நல்ல மண், அதன் மேல் அடர்ந்த புல் என்று மூட வேண்டும். கீழிருந்து உப்பும் உலோகமும் நீரோடு மேலேறாமல் சரளை அடுக்கு தடுக்கும். புல் விதையைக் கடையில் வாங்காமல், அந்த மேட்டிலேயே ஏற்கெனவே பிழைத்து நிற்கும் புல்லிலிருந்து சேகரியுங்கள். வேல்ஸ் நாட்டுப் பழைய ஈயச் சுரங்கக் கழிவுகளில் வளர்ந்த புல், அதே இனத்தின் மேய்ச்சல் நிலப் புல்லைவிட நஞ்சைத் தாங்குவதை ஆண்டனி பிராட்ஷா என்ற தாவர ஆய்வாளரும் அவர் குழுவினரும் காட்டியிருக்கிறார்கள். இந்த இடத்தில் பலதானியம் வேண்டாம். காய்கறி, கீரை, தீவனம் எதுவும் வேண்டாம். ஆழமாக வேர் ஓடி மூடியை உடைக்கும் பெருமரமும் வேண்டாம்.

ஏழாம் படி: மரம்

எதை நடுவது என்று நாற்றங்காலில் கேட்காமல் கோயில்காட்டில் போய்ப் பாருங்கள். ஐயனாருக்கும் கருப்பருக்கும் விட்டுவைத்த அந்தத் துண்டுக் காடுகளில்தான் இந்த மண்ணின் பழைய கணக்கு இருக்கிறது: வீரை, காசான், உலக்கைப்பாலை, இரும்புலி, ஆத்தி, விளா, நாவல், அடியில் காரையும் சங்கஞ்செடியும் ஆதொண்டையும். ஆனால் இவற்றை வெட்டவெளியில் நேரடியாக நட்டால் பிழைக்காது. வீரையும் காசானும் நிழலில் பிறந்து மெல்ல வளர்பவை. ஆகவே முதல் வரிசைக்கு வெயில்தாங்கிகள் வேண்டும்: ஆவாரை, விடத்தலை, உசிலை, வெள்வேல், வன்னி, ஓரங்களில் பனை விதை. இவற்றில் பல தழைச்சத்தை (நைட்ரஜனை) மண்ணில் சேர்ப்பவை. மூன்று நான்கு ஆண்டுகளில் இவற்றின் நிழல் விழுந்த பிறகு கோயில்காட்டு மரங்களை அந்த நிழலில் நட வேண்டும். கோயில்காட்டில் குச்சி ஒடிக்கக்கூடாது என்று ஊர்க் கட்டு இருந்தால், விதை பொறுக்கும் முன் பூசாரியிடமும் ஊராரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். சாமியிடம் உத்தரவு கேட்டு எடுத்த விதைக்கு ஊரே காவலாகிவிடுவதையும் கண்டிருக்கிறேன்.

வெள்வேல், வன்னி, உசிலை விதைகளின் மேல் கொதித்திறக்கிய நீரை ஊற்றி, ஆறவிட்டு ஓர் இரவு ஊறவைத்து விதைக்கலாம். நடவுக்கு ஐப்பசி முதல் பாதி சிறந்தது. கார்த்திகைக்குப் பின் நட்டால் வேர் ஓட ஈரம் மிஞ்சாது. குழி ஒன்றரை அடி நீள அகல ஆழம். மூன்று மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 450 கன்றுகள் வரும். கன்றின் மேற்பக்கத்தில் பிறை வடிவக் கரை போடாமல் கீழ்ப்பக்கத்தில் போடுங்கள். நீர் வந்து நிற்க வேண்டியது கன்றின் காலடியில். முதல் இரண்டு கோடைக்கும் நீர் வேண்டும். மானாமதுரையில் கிடைக்கும் மெருகேற்றாத மண்பானையைக் கழுத்துவரை கன்றருகே புதைத்து நிரப்பி மூடிவிட்டால், அது வாரக்கணக்கில் கசிந்து ஊட்டும். குடம் குடமாக ஊற்றி வெயிலுக்குக் கொடுப்பதைவிட மிகச் சிக்கனம்.

காய்ந்த கிளைகளை ஆங்காங்கே நட்டு வைப்பதற்குச் செலவே இல்லை. கரிச்சானும் மைனாவும் கொண்டைக்குருவியும் அதில் வந்து உட்காரும். அடியில் அவற்றின் எச்சத்திலிருந்து வேம்பும் காரையும் சூரையும் முளைக்கும்.

ஏற்கெனவே நிற்கும் சீமைக்கருவேலையும் தைலமரத்தையும் என்ன செய்வது என்பதில் என் கருத்து பலருக்கும் உவப்பாக இருப்பதில்லை. வரத்துக்காலிலும் கண்மாய்க் கரையிலும் நிற்பதை வேரோடு எடுத்துவிட வேண்டும். ஆனால் வேறெதுவும் பிடிக்காத மொட்டைச் சரிவில் நிற்கும் சீமைக்கருவேலை ஒரே நாளில் இயந்திரம் விட்டு வாரினால், மண்ணும் சேர்ந்து போகும். அங்கே கீழ்க்கிளைகளைக் கழித்துவிட்டு, அதன் அரை நிழலில் நம் கன்றை நட்டு, அது தோளுயரம் வந்த பிறகு பழையதை எடுப்பதே முறை. வெட்டினால் தரைமட்டத்துக்குக் கீழே முண்டையும் சேர்த்து எடுக்காவிட்டால் மறுபடி துளிர்க்கும்.

ஒரே மரத்தை நம்புவதில் உள்ள சிக்கலுக்கும் அதிலிருந்து மீண்ட விதத்துக்கும் கென்யாவின் மொம்பாசா அருகே பம்புரி சிமெண்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் குவாரி நல்ல உதாரணம். ரெனே ஹாலர் என்பவர் 1971 வாக்கில் அங்கே 26 வகை மரங்களை நட்டுப் பார்த்தார்; மூன்றே பிழைத்தன. அவற்றுள் சவுக்கு செழித்தது. ஆனால் அதன் ஊசியிலைகள் மக்காமல் தரையில் மெத்தையாகக் கிடந்தன; மண் உருவாகவில்லை. அந்த ஊசிகளைத் தின்னும் ஒருவகை மரவட்டையைக் கொண்டுவந்து விட்டார். அதன் எச்சம் மண்ணாகி, அந்த மண்ணில் மற்ற மரங்கள் எழுந்து, இன்று அது காடாக நிற்கிறது. நம் குழியிலும் கோயில்காட்டுச் சருகு மண்ணை இரண்டு கூடை கேட்டு வாங்கி, நட்ட குழிகளில் ஒரு பிடி வீதம் இடுங்கள். அதில் வேர்ப்பூஞ்சையும் மண்ணுயிர்களும் வந்து சேரும்.

எட்டாம் படி: பார்த்துக்கொண்டிருத்தல்

நான்கு மூலையிலும் ஒரு கல் நட்டு, ஆண்டுதோறும் தை மாதமும் ஆனி மாதமும் அந்தக் கல்லின் மேல் நின்று ஒரே திசையில் படமெடுங்கள். கன்று எத்தனை பிழைத்தது என்ற எண்ணிக்கை முதல் மூன்று ஆண்டுகளுக்குத்தான் பொருளுடையது. பத்தடிக்குப் பத்தடி சதுரம் பத்தை அடையாளமிட்டு, அவற்றில் யாரும் நடாமல் முளைத்த நாற்றுகளை எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை ஏறுகிறதென்றால் நிலம் தானே வேலை செய்யத் தொடங்கிவிட்டது. நீங்கள் நட்ட மரம் உயர்ந்தும் அடியில் ஒன்றும் முளைக்கவில்லை என்றால் ஆறாம் படியில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது, திரும்பிப் போய்ப் பிஎச் பாருங்கள். சருகைப் புரட்டி மரவட்டையும் கறையானும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கனமழையன்று குழியிலிருந்து வெளியேறும் நீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, ஆண்டு எழுதிய சீட்டு ஒட்டி, மண் படிந்த உயரத்தைக் குறித்து வைக்கலாம். அந்த உயரம் ஆண்டுக்கு ஆண்டு இறங்க வேண்டும்.

உலோகம் உள்ள மேட்டில் மூடி வெடித்திருக்கிறதா, எலியோ பன்றியோ தோண்டியிருக்கிறதா என்பதை ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பின்னும் பார்க்க வேண்டும். அந்த வேலைக்கு முடிவு என்று ஒன்று இல்லை. மற்ற பகுதிகளில் ஐந்தாம் ஆண்டு முடிந்து, மரங்கள் ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் வந்து, தரை முழுதும் புல்லும் சருகும் மூடிய பிறகு, மாசியிலிருந்து பங்குனி வரை மட்டும், வரிசை வைத்து, ஒரு நாளைக்கு ஒரு பட்டி என்ற கணக்கில் மேய்ச்சலுக்குத் திறக்கலாம். தரையில் மண் தெரியத் தொடங்கிய அன்றே பட்டியை வெளியேற்றிவிட வேண்டும்.